உங்கள் தங்கையின் உப்பு விஷயமாக

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. 'நலம்' வரை எழுதிவிட்டுப் பேனா மூடியைத் திருகி வைத்துவிட்டேன், ஏனென்றால் உங்களிடம் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. இங்கே யார் நலம், யார் நலமில்லை, யார் நலமாக இருந்து என்னால் நலம் கெட்டவர் என்பதெல்லாம் போகப்போக உங்களுக்கே தெரியும். நீங்களும் அக்காவும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும் என்ற வேண்டுதலில் மட்டும் எந்தக் குறையும் இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் இவள் காதில் விழும். தவிர, நீங்கள் போனில் 'ம்' சொல்வதற்கும் தூங்குவதற்கும் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கையின் பிறந்தநாளுக்கு நீங்கள் ஒரு ஜோடி ஓடும் ஷூ அனுப்பினீர்கள். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பீர்கள், குறை சொல்லவில்லை. ஆனாலும் உலகத்தில் குடை இருக்கிறது, கைக்கடிகாரம் இருக்கிறது, சுவரில் மாட்டுகிற படம் இருக்கிறது, இத்தனையும் இருக்க ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணிக்கு ஷூ அனுப்ப உங்களுக்கு எப்படித்தான் தோன்றியதோ. முதலில் அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். அழகாகத்தான் இருந்தது, நானும் தலையாட்டினேன். பிறகு லிஃப்டை விட்டுவிட்டுப் படியேற ஆரம்பித்தாள். எங்கள் வீடு நாலாவது மாடி. நான் ஆயுசெல்லாம் லிஃப்ட் பரிசோதகனாக இருந்தவன், என் மனைவி என் கண் முன்னாலேயே லிஃப்டைத் தாண்டிப் படிக்குப் போகிறாள் என்றால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு பூங்காவைச் சுற்றி ஓட்டம், பிறகு எங்கள் பல் டாக்டரம்மா நடத்துகிற ஓட்டக் குழுவில் சேர்ந்தாள். அந்த அம்மாவை எல்லோரும் கோச் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்போது என்னவென்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அரை மராத்தான் ஓடப் போகிறாளாம். மச்சான், இங்கே வெயில் எப்படி இருக்கிறது தெரியுமா? தெருவில் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிறது. கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளுகிறது, இவள் ஓடுகிறாளாம்.

என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்றே உங்கள் வீட்டு மின்விசிறியின் கொக்கியைப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டவன் நான். முப்பது வருஷம் எதைப் பார்த்தாலும் இது அறுந்தால் என்ன ஆகும், இது நின்றால் உள்ளே யார் மாட்டிக்கொள்வார்கள் என்று யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்றபோது மாலை போட்டு அனுப்பினார்களே தவிர, யோசிப்பதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். நான் சொன்னால் இவள் கேட்கமாட்டாள். உலகத்தில் இவள் மறுபேச்சுப் பேசாமல் கேட்பது உங்கள் ஒருவர் சொல்லைத்தான். இந்தக் கடிதம் கிடைத்த கையோடு புறப்பட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து, 'ஓடாதே' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஏன் இப்படிப் பதறுகிறேன் என்பதற்குக் காரணம் கீழே இருக்கிறது. தயவுசெய்து படிக்கும்போது சிரிக்காதீர்கள்.

எல்லாம் வாஷிங் மெஷினில் ஆரம்பித்தது. ஓடுவதற்கென்று இவள் ஒரு கறுப்புச் சட்டை வாங்கியிருக்கிறாள். அது ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வரும்போது முதுகிலும் அக்குளிலும் வெள்ளை வெள்ளையாகக் கோடு. நான் நினைத்தேன், மெஷின் சோப்பைச் சரியாக அலசவில்லை, துணியில் தங்கிவிடுகிறது, அது தோலில் ஊறிச் சொறி வரும், சொறி புண்ணாகும், புண் ஆறாது. சோப்புத்தூளை மாற்றினேன். மறுநாள் ஓடிவிட்டு வந்தால் மறுபடியும் கோடு. இரண்டு முறை அலசினேன். அப்போதும் வந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் மெஷினைப் பிரித்து, பார்த்து, மூடி, "மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நல்லாயிருக்கிற மெஷின் இப்படித்தான் சோப்பை விட்டு வைக்குமா என்று அன்று காலை அவள் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் பின்வாங்கினார். சரி, சோப்புத்தான் என்று நானே நிரூபித்துக் காட்டுகிறேன் என்று அந்த வெள்ளைக் கோட்டில் நாக்கை வைத்தேன்.

மச்சான், அது சோப்பு இல்லை. அசல் உப்பு.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு ரத்த அழுத்தம் ஏறி, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. அவர் குறைக்கத்தான் சொன்னார், நான் பாதுகாப்பு கருதி வீட்டைவிட்டே அனுப்பிவிட்டேன். சமையலறையில் உப்பு டப்பா இருந்த இடத்தில் இப்போது டார்ச் லைட் பேட்டரி வைத்திருக்கிறோம். ஆக, மூன்று வருஷத்துக்குப் பிறகு என் நாக்கு உப்பைப் பார்க்கிறது. அது இன்னொரு தடவை கேட்டது. மெக்கானிக் நிற்கிறார் என்பதை மறந்து காலர் பக்கமாகவும் ஒரு தடவை ருசி பார்த்துவிட்டேன். சரியாக அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கை குளித்துவிட்டு வெளியே வந்தாள். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போய்விட்டார். அதுவும் லிஃப்டில் போகவில்லை.

என் புத்தியைப் பாருங்கள், உப்பு என்று தெரிந்ததும் நான் சந்தோஷப்பட்டேன். எனக்கு உப்பு விரோதி. இவள் உடம்பிலிருந்து அந்த விரோதி தானாகவே வெளியேறிச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறது, விட்டது தொல்லை என்று நினைத்தேன். வேர்வை போகிறதா, அதற்குத் தண்ணீர் கொடுத்தால் தீர்ந்தது. அன்றிலிருந்து என் ஸ்கூட்டரின் முன்னால் ஒரு தண்ணீர் கேன். குழு ஓடும், கோச் ஓடுவார், உங்கள் தங்கை ஓடுவாள், எல்லோருக்கும் பின்னால் ஸ்கூட்டரில் நான். சிக்னலில் ஒரு டம்ளர், மரத்தடியில் ஒரு டம்ளர், திருப்பத்தில் ஒரு டம்ளர். வேண்டாம் என்பாள். குடித்தால்தான் ஸ்கூட்டரை நகர்த்துவேன் என்று குறுக்கே நிறுத்திவிடுவேன். ஒரு நாள் மூச்சு வாங்க நின்று சொன்னாள், "ஏங்க, ஆபீஸ்ல நாள் பூரா தண்ணி வரலைன்னு புகார் கேக்கறேன். வெளியே வந்தா தண்ணி குடி, தண்ணி குடின்னு நீங்க. எனக்குத் தாகமே இல்லைங்க!" உங்களுக்குத்தான் தெரியுமே, இவள் தண்ணீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிறவள். கோச்சும் ஒரு தடவை, "சார், தாகம் எடுத்தா அவங்களே கேப்பாங்க, விடுங்க" என்றார். நான் மனதுக்குள், அம்மா, நீங்கள் பல்லைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டேன். தாகம் என்பது எச்சரிக்கை மணி. மணி அடித்த பிறகு ஓடிவருகிறவன் என்ன பரிசோதகன்?

பிறகு இவளுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. நான் தண்ணீரைக் கூட்டினேன். குமட்டல் என்றாள். இன்னும் கூட்டினேன். மோதிரம் விரலில் இறுகிக்கொண்டு கழல மறுத்தது. உடம்பில் சதை பிடிக்கிறது, நல்லதுதான் என்றேன். போன மாதம் ஒரு நாள் நீளமான பயிற்சி ஓட்டம், சுள்ளென்று வெயில், காலையிலிருந்து நான் கொடுத்த தண்ணீர் ஒரு சின்னக் குளம் இருக்கும். பழைய அஞ்சலகத்தைத் தாண்டியதும் இவள் ஓட்டம் கோணிக்கொண்டு போயிற்று. நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஸ்கூட்டரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, போனில் பேசுகிற அந்தக் குரலில், ரொம்பப் பணிவாக, "உங்க புகார் பதிவாயிடுச்சு சார். உங்க வார்டு எது?" என்றாள்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது மச்சான். கேலி பண்ணுகிறாள் என்று நினைத்து, "நான்தான்டி" என்றேன். "ஆள் அனுப்புறோம் சார், லைன்ல இருங்க" என்றாள். அவள் கண்ணில் நான் இல்லை. என்னைப் பார்க்கிற கண்ணில் நான் இல்லாதபோதுதான் இது கேலி இல்லை என்று புரிந்தது. அப்போதும் பாருங்கள், கேனைத் திறந்து இன்னொரு டம்ளர் ஊற்றப் போனேன். கோச்தான் என் கையைத் தட்டிவிட்டு, "போதும் சார், குடுக்காதீங்க!" என்று கத்தி, வழியில் போன காரை மறித்து ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயதில் சின்னவர், பேச்சில் பெரியவர். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?" என்று கேட்டார். நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "சார், வேர்வையில தண்ணி மட்டும் போறதில்ல. உப்பும் போகுது. சில பேருக்கு நிறையவே போகும், சட்டையில வெள்ளையா நிக்கும். நீங்க உப்பைத் திருப்பிக் குடுக்காம வெறும் தண்ணியா ஊத்தி, மிச்சம் இருந்ததையும் நீர்த்துப்போக வச்சிட்டீங்க. அதனாலதான் தலைவலி, வீக்கம், இந்தக் குழப்பப் பேச்சு. நேரத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்க" என்றார். எனக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. நான் காப்பாற்றிக் காப்பாற்றித்தான் இவளை அங்கே கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறேன். பிறகு அவர், "சாப்பாட்டுல உப்பு எப்படி?" என்றார். எனக்கு ரத்த அழுத்தம், அதனால் எங்கள் வீட்டில் உப்பே கிடையாது என்றேன். "உங்களுக்குத்தானே அழுத்தம்? அவங்களுக்கு ஏன் உப்பு இல்ல?"

அதை அவளிடம் நான் கேட்டதே இல்லை. சாயங்காலம் இவளுக்குக் கொஞ்சம் தெளிந்து என்னை யாரென்று தெரிய ஆரம்பித்ததும் டாக்டர் அதே கேள்வியை இவளிடம் கேட்டார். இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "அவர் முன்னாடி நான் மட்டும் ருசியா சாப்பிட்டா அவருக்குச் சாப்பாடே வெறுத்துப் போயிடும் டாக்டர். அதான் நானும் விட்டுட்டேன்." ஆபீஸுக்கு எடுத்துப்போகிற டப்பாவில்கூட உப்பில்லை மச்சான். நான் பார்க்காத இடத்திலும் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று வருஷமாக உப்புச் சப்பில்லாத காயையும் முட்டையையும் என் எதிரில் உட்கார்ந்து, நல்லாத்தான் இருக்கு என்று சாப்பிட்டிருக்கிறாள். நான் இது ஏதோ அவளுக்கே பிடித்துப்போன ருசி என்று நினைத்துக்கொண்டு, மறுபடியும் போட்டுக்கோ, மறுபடியும் போட்டுக்கோ என்று பரிமாறியிருக்கிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்று அழுதேன். உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். அவளுக்குச் சாப்பாட்டில் அளவான உப்பு. தாகம் எடுத்தால் தண்ணீர், எடுக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். சின்ன ஓட்டத்துக்குத் தண்ணீரும் சாப்பாடும் போதும். வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால், கடையில் விற்கிற உப்புச்சத்துப் பாக்கெட்டை, அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். இவ்வளவுதான். இதில் தப்புப் பண்ண என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள்.

லிஃப்ட் கயிறு எப்படிப் போடுவோம் என்று உங்களுக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், அப்போதும் நீங்கள் 'ம்' என்றீர்கள். தூக்க வேண்டிய பாரத்தைப்போல் பத்து மடங்கு தாங்குகிற கயிறுதான் போடுவோம். பாரத்துக்குச் சரியாகக் கயிறு போடுகிறவனை வேலைக்கே சேர்க்கமாட்டார்கள். பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு ஒன்று என்று போட்டிருந்தது. அச்சடித்தவருக்கு என் மனைவியின் சட்டையைத் தெரியாது. இவள் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுகிற பாட்டிலில் இரண்டு டம்ளர்கூடக் கொள்ளாது. அதில் மூன்று பாக்கெட்டைப் போட்டுக் குலுக்கினேன். பத்து போடவில்லை பாருங்கள், அந்த அளவுக்கு எனக்கு நிதானம் இருந்தது. ருசி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் எனக்குத்தான் டாக்டர் தடை போட்டிருக்கிறாரே, பார்க்கவில்லை. ஓய்வெல்லாம் முடிந்து இவள் மறுபடி ஓடிய முதல் நாள் அது. ஒரே வாய்தான் குடித்தாள். பூங்காவின் பூப்பாத்தியில் அத்தனையும் வெளியே வந்துவிட்டது. பூங்காக்காரர் அந்தச் செடிகளுக்கு இனி நான்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

மிச்சத்தைக் கீழே கொட்டியிருக்கலாம். ஒரு பொருளை வீணாக்குவது எனக்கு வராது. இவள் முகம் கழுவப் போன நேரத்தில் நானே குடித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், வீணாகக் கூடாது என்பது பாதிக் காரணம்தான். மீதி உங்களுக்கே புரியும். வீடு வந்து லிஃப்டில் ஏறியதும் லிஃப்ட் நின்ற பிறகும் நான் மட்டும் மேலே போய்க்கொண்டே இருந்தேன். மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே சின்ன டாக்டர், இந்தத் தடவை கட்டிலில் நான், பக்கத்து நாற்காலியில் இவள். அழுத்தம் பார்க்கிற கருவியை அவர் இரண்டு தடவை கட்டிப் பார்த்தார். "சார், உங்க வீட்ல உப்பு யாருக்கு வேணும், யாருக்கு வேண்டாம்னு ஒரு தடவை உக்காந்து பேசுங்க. ஒருத்தருக்கு மருந்தா இருக்கறது இன்னொருத்தருக்கு ஆகாது" என்றார். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார், ஒரே குடும்பமாம்.

அப்படித்தான் உட்கார்ந்து பேசினோம். பேட்டரியை அலமாரிக்கு மாற்றிவிட்டு உப்பு டப்பா பழைய இடத்துக்கு வந்துவிட்டது. சமைத்து முடித்து என் பங்கை எடுத்த பிறகு அவள் பங்கில் அவள் போட்டுக்கொள்கிறாள். அவள் முதல் வாய் சாப்பிட்டபோது கண்ணை மூடிக்கொண்டாள் மச்சான். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சாப்பாடு ஒன்றும் வெறுத்துப் போகவில்லை. இதை முன்னாலேயே பார்த்திருக்கலாமே என்றுதான் இருந்தது. அதற்குப் பிறகு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, ஓடலாம் என்று அந்த டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். அவரிடம் நான் எதிர்பார்த்தது இது இல்லை.

வேண்டாம் என்று நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். நேற்று கடைசியில் இவள் எதிரில் உட்கார்ந்து, "ஏங்க, ஒண்ணு கேக்கறேன். லிஃப்ட் மேல போகும்போது நீங்க கூடவே படியில ஓடுவீங்களா?" என்றாள்.

"மாட்டேன்."

"ஏன்?"

"அதான் பரிசோதிச்சு முடிச்சு கையெழுத்துப் போட்டாச்சே. அப்புறம் அது பாட்டுக்குப் போகும்."

"என்னையும் பரிசோதிச்சாச்சு. கையெழுத்தும் போட்டாச்சு. நான் பாட்டுக்குப் போறேனே, விடுங்களேன். பத்து மணி நேரம் ஒரே நாற்காலில உக்காந்து ஊர்ல இருக்கறவங்க கோபத்தையெல்லாம் காதுல வாங்கறேன். ஓடும்போதுதாங்க யாரும் என்கிட்ட எதுவும் கேக்கறதில்ல. உங்களைத் தவிர."

அதற்கு மேல் ஒரு நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்க வரக் கூடாது. ஸ்கூட்டர் கூடாது, கேன் கூடாது, பாட்டில் கூடாது. கையில் அடித்து வாக்கு வாங்கிக்கொண்டாள். நானும் கொடுத்துத் தொலைத்துவிட்டேன். அவள் சொன்னது நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு லிஃப்ட் போனால் அந்த இடத்தில் இன்னொரு லிஃப்ட் மாட்டிவிடலாம். இவளுக்குப் பதில் நான் யாரை மாட்டுவேன்? வழியில் எங்கேயோ உட்கார்ந்து யாரோ ஒருவரிடம் 'உங்க வார்டு எது' என்று கேட்டால், அந்த ஆள் கேலி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டால்? இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகையால்தான் உங்கள் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறேன். வந்து நிறுத்துங்கள். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், தற்செயலாக வந்த மாதிரி வாருங்கள்.

அக்காவிடம் என் வணக்கத்தைச் சொல்லவும், உங்கள் வீட்டு லிஃப்டில் அந்தக் கிறீச் சத்தம் இன்னும் வந்தால் படியிலேயே போகச் சொல்லவும். உங்கள் இருவருக்கும் நோய்நொடி இல்லாத நீண்ட ஆயுளும் அளவான உப்பும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவை ஜன்னலில் நின்று எதிர்பார்க்கும்
தங்கையின் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து போய்விட்டது. இந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தினமும் தபால் பெட்டிவரை போனேன், தினமும் திரும்பி வந்தேன். போட்டால் நீங்கள் வந்துவிடுவீர்கள், நீங்கள் சொன்னால் அவள் நின்றுவிடுவாள், நின்ற பிறகு அந்த ஷூவை எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்று யோசனை வந்துவிடும். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிந்து போடக் கிளம்பினேன். பார்க்க வரமாட்டேன் என்றுதான் வாக்கு, தபால் போட வரமாட்டேன் என்று இல்லை. அந்தப் பெட்டி ஓட்டம் முடிகிற இடத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பது என் குற்றமில்லை, எங்கள் தெருவில் ஒரு பெட்டி இருப்பது வேறு விஷயம்.

பெட்டியருகில் வெகுநேரம் நின்றேன். யார் யாரோ ஓடிவந்தார்கள். பிறகு கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடுகளோடு அவள் வந்தாள். முகம் பார்த்தேன், நடை பார்த்தேன், விரலில் மோதிரம் ஆடுகிறதா என்றுகூடப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. என்னைப் பார்த்துவிட்டாள். என் இரண்டு கையும் காலி. "தபால் போட வந்தேன்" என்றேன். "போட்டாச்சா?" "இல்ல." "அப்ப அப்புறமா போட்டுக்கலாம், வாங்க" என்று சொல்லிக்கொண்டே போகிறாள், நிற்கவில்லை. பதில் சொல்ல வேண்டுமே என்று நானும் கூடவே போனேன். தோல் செருப்போடு, கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு. கொஞ்ச தூரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அவள் திரும்பி, ரொம்பப் பணிவாக, "உங்க வார்டு எது சார்?" என்றாள். மச்சான், என் உயிர் அங்கேயே ஒரு தடவை போய்விட்டது. பார்த்தால் சிரிக்கிறாள். அவள் கண்ணில் நான் முழுசாக இருந்தேன். வேர்த்துக் கொட்டிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்தே முடிவுக் கோட்டைத் தாண்டினோம். கோச் அவளுக்கு உப்புத் தண்ணீரும் எனக்கு வெறும் தண்ணீரும் நீட்டினார். டம்ளர் மாறவில்லை, நான் இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். என் டாக்டரிடமும் கேட்டாயிற்று, நடக்கலாமாம், அவள் மெதுவாக ஓடும் நாட்களில் கொஞ்சம் ஓடவும் செய்யலாமாம்.

இந்தத் தாளின் ஓரத்தில் மை கலைந்து, வெள்ளையாக ஒரு கோடு தெரியும். தபால்காரர் மேல் சந்தேகப்பட வேண்டாம். அது என் சட்டைப் பையிலேயே காய்ந்தது, என்னுடைய சொந்த உப்பு. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், ஆனால் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். வரும்போது அந்தக் கடையில் எனக்கும் ஒரு ஜோடி. ஒன்பதாம் நம்பர், அகலப் பாதம்.